கதவைப் பிடிக்கணுமா, விட்டுடலாமா?

போன இதழில் ஒரு வாசகி, பின்னால் வருகிற முன்பின் தெரியாதவருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டுமா என்று கேட்டிருந்தார். ‘நாலு எட்டுக்குள் இருந்தால் பிடியுங்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கோபமும் கிளைக் கேள்வியும் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அதனால் இந்த முறை வேறு சந்தேகம் எதுவும் கிடையாது, முழுக்க முழுக்கக் கதவுதான்.

பேங்கில் கண்ணாடிக் கதவைத் திறந்து பின்னால் வருகிறவருக்காகப் பிடித்துக்கொள்வேன். அவர் நுழைவார், அவர் பின்னால் இன்னொருவர், அப்புறம் ஒரு குடும்பமே நுழையும். ஒருத்தரும் என் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. கடைசியில் டோக்கன் அவர்களுக்கு முதலில், எனக்குக் கடைசியில். எவ்வளவு நேரம்தான் பிடிப்பது?
– வாசகர், கோவை

டோக்கன் போனதுதான் உங்கள் வயிற்றெரிச்சல் என்று தெரிகிறது. நியாயமான வயிற்றெரிச்சல்தான். ஆனால் நீங்கள் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள், அங்கேதான் சிக்கல். நிற்கக் கூடாது. டவுன் பஸ்ஸில் டிக்கெட் காசை ‘பாஸ் பண்ணுங்க’ என்று கைக்குக் கை தள்ளிவிடுகிறோமே, அப்படித்தான் கதவையும் தள்ளிவிட வேண்டும். நீங்கள் உள்ளே போனபடியே ஒரு கையைக் கதவில் வைத்துத் திரும்பிப் பாருங்கள், பின்னால் வருகிறவரின் உள்ளங்கை கதவில் பட்டதும் விட்டுவிடுங்கள். அவ்வளவுதான் உங்கள் பங்கு. அவர் கையே நீட்டாமல் ராஜா மாதிரி நுழைந்தால், அவர் தாண்டும்வரை பிடியுங்கள். அதற்கு அடுத்தவர் கண்ணைப் பார்த்து, கதவை அவர் பக்கமாக லேசாக நகர்த்துங்கள், தானாகப் பிடித்துக்கொள்வார். முதியவர், கைக்குழந்தைக்காரர், இரண்டு கையிலும் பை வைத்திருப்பவர் வந்தால் மட்டும் இந்தக் கணக்கு எதுவும் கிடையாது, அவர் முழுக்க உள்ளே போகிறவரைக்கும் பிடிக்க வேண்டியதுதான்.

தூரத்தைப் பற்றியும் பலர் கேட்டிருந்தீர்கள். ஆள் இன்னும் வண்டி ஸ்டாண்டிலேயே இருக்கிறார், நீங்கள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சிரிக்கிறீர்கள். அவர் என்ன செய்வார்? ஒரு கையில் ஹெல்மெட், ஒரு கையில் பாஸ்புக், முழு ஓட்டமும் இல்லாத நடையும் இல்லாத ஒரு அரை ஓட்டம் ஓடிவந்து ‘ஸாரி சார்’ என்பார். நீங்கள் உபகாரம் செய்தீர்கள், அவருக்கு மூச்சு வாங்கியது. இதை ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசப் சான்டமரியா, டேவிட் ரோசன்பாம் என்ற இரண்டு பேர், ஒரு கட்டடத்தின் கதவில் மனிதர்கள் நடந்துகொள்வதை வீடியோ எடுத்துப் பார்த்து 2011-இல் கட்டுரை எழுதினார்கள். பின்னால் வருகிறவர் எவ்வளவு அருகில் இருக்கிறாரோ அவ்வளவுக்குப் பிடிக்கிறார்கள், ஒருவருக்குப் பதில் இரண்டு பேர் வந்தால் இன்னும் கூடப் பிடிக்கிறார்கள், கதவு தனக்காகப் பிடிக்கப்படுவதைப் பார்த்தவர் நடையை வேகமாக்குகிறார் என்று கண்டுபிடித்தார்கள். ஆளுக்கு ஒரு தடவை கதவைத் திறப்பதைவிட இரண்டு பேருமாகச் சேர்ந்து படும் பாடு குறைவாக இருந்தால்தான் மனிதன் பிடிக்கிறானாம். ஆக, அவரை ஓட வைக்கிற தூரம் என்றால் விட்டுவிடுங்கள். அவருக்குக் கதவு திறக்கத் தெரியும்.

நன்றி சொல்லவில்லை என்பதற்கு அதிகம் வருத்தப்படாதீர்கள். நம் ஊரில் வழி சொன்னவருக்கும் பஸ்ஸில் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டவருக்கும் யாரும் வாய்விட்டு நன்றி சொல்லிப் பழக்கமில்லை, ஒரு தலையசைப்போடு சரி. அந்தத் தலையசைப்புகூட இல்லை என்றால் அது மரியாதைக் குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். டோக்கன் விஷயத்தில் மட்டும் கூச்சமே வேண்டாம். ‘நான் உங்களுக்கு முன்னாடி வந்தேங்க’ என்று சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள். கதவைப் பிடித்தவர் வரிசையையும் தானம் செய்தார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம். எங்கள் தெருவில் வாசல் கதவு விடிந்தால் திறக்கும், படுக்கும்போது சாத்தும். யாரும் யாருக்கும் பிடித்துக்கொண்டு நின்றதில்லை. நமக்கு எதற்கு இந்த நாகரிகம்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

ஐயா, பாதி சரி. உங்கள் தெருக் கதவு திறந்தால் திறந்தபடி இருந்தது, அதனால் பிடிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. வெளியிலிருந்து வந்தது தானாக மூடிக்கொள்ளும் கதவு. ஏ.சி. வந்தது, குளிர் வெளியே போகக் கூடாது என்று கதவுக்கு ஸ்பிரிங் வந்தது, அந்த ஸ்பிரிங் பின்னால் வருகிறவர் மூக்கில் இடித்தது. மூக்கைக் காப்பாற்றுவதற்கு எந்த நாட்டுப் பழக்கமாக இருந்தால் என்ன?

சாத்துவதற்கு முன்னால் யாராவது வருகிறார்களா என்று பார்ப்பது மட்டும் நம்முடையதேதான், அதுவும் ரொம்பப் பழையது. நீங்கள் வகுப்பில் நடத்தியிருப்பீர்கள், குறுந்தொகை 118, நன்னாகையார் பாட்டு. மாலை மங்கி ராத்திரி ஆகிறது, பலர் வந்து போகிற வாயிலை அடைக்கப் போகிறவர்கள் ‘வருவீர் உளீரோ?’ என்று குரல் கொடுக்கிறார்கள், வர வேண்டியவன் வரவில்லையே என்று தலைவி தோழியிடம் நொந்துகொள்கிறாள். பாட்டு அவள் துக்கத்தைப் பற்றியது, அது வேறு. ஆனால் கதவடைக்கிறவர் கேட்டுவிட்டுத்தான் அடைத்தார் என்பது போகிற போக்கில் நமக்குத் தெரிந்துவிடுகிறது. இன்றைக்கு லிஃப்டில் நின்றுகொண்டு ‘யாராச்சும் வர்றீங்களா?’ என்று கேட்பவர் அதே வேலையைத்தான் செய்கிறார்.

லிஃப்ட் கதவு மூடும்போது யாரோ ஓடி வரும் சத்தம் கேட்கிறது. நிறுத்த வேண்டுமா? ராத்திரி, நான் தனியாக இருக்கிறேன், ஓடி வருகிறவரை எனக்குத் தெரியாது என்றால்?
– வாசகி, சென்னை

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். மனசுக்குச் சரிப்படவில்லை என்றால் நிறுத்த வேண்டாம். அவர் ஏறிவிட்டால் நீங்கள் இறங்கி அடுத்ததில் போங்கள், போனில் பேசுவது போல நடிக்க வேண்டும் என்றுகூட இல்லை. இதற்கு யாருக்கும் விளக்கம் சொல்லக் கடமைப்படவில்லை. மரியாதை பார்த்துப் பயத்தோடு பத்து மாடி ஏற வேண்டியதில்லை.

மற்றபடி நிறுத்துங்கள், ஆனால் பட்டனால். கதவுக்கு நடுவில் கையை விடுபவர்கள் சென்சார் வேலை செய்யும் என்ற நம்பிக்கையில் விடுகிறார்கள், எல்லா லிஃப்டிலும் அந்த நம்பிக்கைக்கு உத்தரவாதம் இல்லை. இந்தப் பட்டன்களை யார் வடிவமைத்தார்களோ தெரியவில்லை, திறக்கும் பட்டனிலும் இரண்டு முக்கோணம், மூடும் பட்டனிலும் இரண்டு முக்கோணம், வெளியே பார்ப்பது எது உள்ளே பார்ப்பது எது என்று யோசித்து முடிப்பதற்குள் கதவு மூடிவிடும். வெளியே நிற்பவர் கடைசியாகப் பார்ப்பது, அவரை நேராகப் பார்த்துக்கொண்டே பட்டனை அழுத்தும் உங்கள் முகத்தை. அதனால் காலியாக இருக்கும்போது ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஃபிளாட்களில் இருக்கிற கிரில் கேட் லிஃப்டில் இது தலைகீழ். அங்கே திறந்து பிடிப்பது பெரிய விஷயமில்லை, இழுத்துச் சாத்துவதுதான் மரியாதை. நாலாவது மாடியில் ஒருவர் போன் பேசிக்கொண்டே இறங்கி, கேட்டை ஒரு விரல் அளவு இடைவெளி விட்டுவிட்டுப் போனால் லிஃப்ட் அங்கேயே நிற்கும். கீழே மருந்து வாங்கிக்கொண்டு வந்த தாத்தா பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, அந்தக் குழியை நோக்கி ‘லிஃப்ட் கேட்டைச் சாத்துங்கப்பா!’ என்று கத்துவார். ‘டக்’ என்று தாழ் விழும் சத்தம் கேட்டுவிட்டு நகருங்கள்.

நெரிசலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ‘8 பேர், 544 கிலோ’ என்று தகட்டில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், ஆளுக்கு 68 கிலோ என்று கணக்கு. நம் கல்யாண மண்டப லிஃப்டில், அதுவும் பந்தி முடிந்து ஏறுகிறவர்களுக்கு, இந்தக் கணக்கு ஒத்துவராது. திருக்கோவலூரில் ஒரு மழை ராத்திரி மூன்று ஆழ்வார்கள் ஒரு சின்ன இடைகழியில் ஒதுங்கிய கதை தெரியும்தானே, ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம் என்று இடம் கொடுத்தார்கள். அங்கே நாலாவதாக வந்து நெருக்கியவர் பெருமாள். உங்கள் லிஃப்டில் ஒன்பதாவதாக நுழைகிறவர் அநேகமாகப் பெருமாள் இல்லை, பீப் அடித்தால் கடைசியாக ஏறியவர்தான் இறங்க வேண்டும். ‘கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க’ என்றால் எடை குறையாது.

மாலில் ஒரு பெண் எனக்காகக் கதவைப் பிடித்தாள், சிரிக்கவும் செய்தாள். இதை எப்படி எடுத்துக்கொள்வது?
– வாசகர், சேலம்

கதவு உங்கள் மேல் இடிக்கக் கூடாது என்று நினைத்தார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பின்னாலேயே போகாதீர்கள்.

ஆபீஸில் சிலர் எனக்காகக் கதவைப் பிடிக்கிறேன் என்று கையை நீட்டிக்கொண்டு வழியிலேயே நிற்பார்கள். அவர்கள் கைக்குக் கீழே குனிந்து போக வேண்டியிருக்கிறது, இல்லையென்றால் உரசிக்கொண்டு. ‘பரவாயில்ல, நீங்க போங்க’ என்றால் அது அவர்களுக்கு அவமானமாகிவிடுகிறது. எப்படிச் சொல்வது?
– வாசகி, பெங்களூரு

சிலருக்குக் கதவைப் பிடிக்கவே தெரியாது, சிலர் தெரிந்தே இப்படி நிற்பார்கள். முதல் ரகத்துக்காக எழுதுகிறேன். கதவு உங்கள் பக்கம் இழுக்கிற கதவா, இழுத்துத் திறந்து, கதவோடு சேர்ந்து நீங்களும் ஓரமாக நகர்ந்துவிடுங்கள், அவர் முன்னால் போகட்டும், நீங்கள் பின்னால். தள்ளுகிற கதவா, நீங்கள் முதலில் உள்ளே போய், அந்தப் பக்கம் கதவுக்குப் பின்னால் நின்று பிடியுங்கள். ‘லேடீஸ் ஃபர்ஸ்ட்’ என்று சொல்லிக்கொண்டு தள்ளுகிற கதவை வெளியே நின்றபடி எட்டிப் பிடிப்பதால்தான் இந்தக் கை வளைவு உண்டாகிறது. எந்தக் கதவாக இருந்தாலும் வாசலின் அகலத்தில் உங்கள் உடம்பு பாதியை அடைக்கக் கூடாது.

இரண்டாவது ரகத்துக்கு, அங்கேயே நின்று ‘நீங்க போங்க, நான் வரேன்’ என்று சொல்லிவிட்டு போனை எடுத்துப் பாருங்கள். அவர் முகம் சுருங்கினால் சுருங்கட்டும்.

இன்னொன்றும் உண்டு. பெண் முதலில் வந்து கதவைத் திறந்து பிடித்தால், ‘இல்ல மேடம், நீங்க போங்க’ என்று நுழைய மறுக்கிற ஆண்கள் இருக்கிறார்கள். இருவரும் மாறி மாறி ‘நீங்க போங்க’ சொல்லிக்கொண்டிருக்க, குளிர்ச்சி எல்லாம் வராந்தாவுக்குப் போய்க்கொண்டிருக்கும். யார் கை கைப்பிடியில் இருக்கிறதோ அவர் பிடிக்கிறார், மற்றவர் போகிறார். ஆண், பெண், சீனியர், ஜூனியர் எல்லாம் இதில் இல்லை.

நான் சக்கர நாற்காலியில் போகிறவன். உதவி செய்கிறேன் என்று வாசலுக்குள்ளேயே நின்று கதவைப் பிடிப்பார்கள். அவர் நிற்கிற இடம் போக மிச்சத்தில் நான் எப்படி நுழைவது? இன்னும் சிலர் கேட்காமலே பின்னால் இருந்து தள்ள ஆரம்பித்துவிடுவார்கள். உங்கள் பத்தியில் இதை எழுதுங்கள்.
– வாசகர், மதுரை

நீங்கள் எழுதியதையே போட்டுவிட்டேன், அதைவிட நன்றாக நான் சொல்ல முடியாது. மற்றவர்களுக்காக இரண்டு விவரம் மட்டும் சேர்க்கிறேன். நாற்காலி போக, சக்கரத்தைத் தள்ளும் முழங்கைக்கும் இரண்டு பக்கமும் இடம் வேண்டும், அதனால் கதவின் பின்பக்கம் நின்று முழுதாகத் திறந்து பிடியுங்கள், பின்சக்கரம் வாசலைத் தாண்டும்வரை விடாதீர்கள். முன்சக்கரம் உள்ளே போனதுமே விட்டுவிடுகிறவர்கள் அதிகம். பல கட்டடங்களில் சாய்தளம் ஏறி முடிகிற இடத்திலேயே கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும், சமமாக நிற்க அங்கே இடமே இருக்காது. கதவை இழுத்தால் நாற்காலி பின்னால் உருளும். அந்த மாதிரி இடத்தில் கதவைப் பிடிப்பது உண்மையிலேயே பெரிய உதவி. ஆனாலும் ‘பிடிக்கட்டுங்களா?’ என்று கேட்டு, பதில் வந்த பிறகு.

எங்கள் அபார்ட்மென்டில் கார்டு தேய்த்தால்தான் கேட் திறக்கும். நான் நுழையும்போது பின்னால் யாராவது ஒட்டிக்கொண்டு வந்தால் என்ன செய்வது? கதவைச் சாத்தினால் திமிர் என்கிறார்கள், விட்டால் செக்ரட்டரி திட்டுகிறார்.
– குடித்தனக்காரர், சென்னை

பேங்க் கதவு வேறு, இது வேறு. பூட்டு போட்ட கதவை முன்பின் தெரியாதவருக்குத் திறந்துவிட உங்களுக்கு உரிமை இல்லை, அந்தக் கதவுக்குப் பின்னால் மற்றவர்கள் வீடும் இருக்கிறது. முகத்தில் அடித்த மாதிரி சாத்த வேண்டாம், திரும்பி நின்று ‘எந்த வீட்டுக்குங்க?’ என்று கேளுங்கள். குடியிருப்பவர் என்றால் நம்பரைச் சொல்லிவிட்டுத் தன் கார்டைத் தேய்ப்பார். விருந்தாளி என்றால் வாட்ச்மேனிடம் போகச் சொல்லுங்கள், அவரிடம் இன்டர்காம் இருக்கும். நல்ல சட்டை போட்டவரிடம் கேட்காமல், பழைய சட்டைக்காரரிடம் மட்டும் கேட்டால்தான் அது திமிர்.

சாப்பாடு கொண்டுவரும் டெலிவரி தம்பிகளுக்கு வாங்கியவர் வீட்டிலிருந்தே அனுமதி போயிருக்கும், அவர்களை நிற்க வைத்து விசாரணை நடத்தாதீர்கள். அப்புறம், ‘டெலிவரி ஆட்கள் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது’ என்று போர்டு வைத்திருக்கும் அசோசியேஷன்களுக்கு ஒரு வார்த்தை: எட்டாவது மாடிக்குச் சூடாக பிரியாணி வேண்டும், அதைக் கொண்டுவருகிறவர் மட்டும் படியேற வேண்டும் என்றால் என்ன நியாயம்? அந்த போர்டைக் கழற்றுங்கள்.

ஏ.டி.எம். கதவை?
– வாசகி, காரைக்குடி

உள்ளே ஆள் இருந்தால் திறக்கவும் வேண்டாம், பிடிக்கவும் வேண்டாம். அவர் பணத்தை எண்ணிப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வரட்டும், பிறகு போங்கள்.

கல்யாணப் புடவை எடுக்க தி.நகர் போயிருந்தோம். கடை வாசலில் ஒரு பெரியவர், என் அப்பா வயசு இருக்கும், ஒவ்வொருவருக்கும் கதவைத் திறந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நானே கதவைத் திறந்துகொள்ளட்டுமா என்று கேட்டிருக்கலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

கேட்டிருந்தால் அவருக்குத் தர்மசங்கடம். உள்ளே கேமரா இருக்கிறது, சூப்பர்வைசர் இருக்கிறார், ‘கஸ்டமரே கதவைத் திறக்கிறாங்க, நீ என்ன பண்ற?’ என்று அவருக்குத்தான் பேச்சு விழும். அவர் வேலையை அவர் செய்யட்டும். நீங்கள் முகத்தைப் பார்த்து ‘வரேங்க ஐயா’ என்று சொல்லிவிட்டுப் போங்கள், பையை மாட்டிக்கொண்டு போனில் கத்தியபடி அவரைத் தூண் மாதிரி தாண்டிப் போகிறவர்கள் நடுவில் அது அவருக்குத் தனியாகத் தெரியும். அவர் கும்பிட்டால் பதிலுக்குத் தலையாவது அசையட்டும்.

கதவைவிட எனக்கு அந்தப் பெரியவரின் கால்தான் கவலை. கடை ஊழியர்கள் நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கக் கூடாது, உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். கேரளம் 2018-லேயே செய்துவிட்டது. அடுத்த முறை போகும்போது கதவோரம் ஒரு நாற்காலி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பில் போடும் இடத்தில் ‘அந்த ஐயாவுக்கு ஒரு சேர் போடக் கூடாதா?’ என்று சத்தமாகவே கேளுங்கள். கல்யாணப் புடவை எடுக்கிறவர் பேச்சுக்குக் கடையில் மதிப்பு உண்டு.

நீங்கள் பாட்டுக்குக் கண்ணாடிக் கதவு, லிஃப்ட் என்று எழுதுகிறீர்கள். தீபாவளிக்கு அன்ரிசர்வ்டு பெட்டியில் வந்து பாருங்கள். உள்ளே இருப்பவர்கள் தாழ்ப்பாள் போட்டுவிடுகிறார்கள். தட்டினால் ஜன்னல் வழியாகத் திட்டு வருகிறது. இதற்கு என்ன மரியாதை, என்ன பண்பாடு?
– வாசகர், விருதுநகர்

இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். தாம்பரத்தில் ‘அண்ணே, கொஞ்சம் தள்ளுங்கண்ணே, ஒத்தக் கால் வைக்க இடம் குடுத்தா போதும்ணே’ என்று கெஞ்சி ஏறியவர், செங்கல்பட்டு வருவதற்குள் அந்தப் பெட்டிக்கே சொந்தக்காரர் ஆகிவிடுவார். கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு ‘இடமில்ல, பின்னாடி பொட்டிக்குப் போங்க’ என்பார். பின்னாடி பெட்டியில் இருப்பவர் முன்னாடி பெட்டிக்குப் போகச் சொல்வார் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும், அரை மணி நேரத்துக்கு முன்னால் அவருக்கும் அதைத்தான் சொன்னார்கள். விழுப்புரத்தில் அவர் பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் காவலுக்குச் சேர்ந்திருப்பார்கள், அவர்கள் செங்கல்பட்டில் கெஞ்சி ஏறியவர்கள்.

சட்டம் இருக்கிறது. ரயில்வே சட்டம் 1989, பிரிவு 155. தனக்கென்று ரிசர்வ் செய்யப்படாத பெட்டியில், ஏற உரிமை உள்ள இன்னொரு பயணியை ஏறவிடாமல் தடுத்தால் 200 ரூபாய் வரை அபராதம். 200 ரூபாயைப் பார்த்து யாரும் தாழ்ப்பாளை எடுக்கப்போவதில்லை, அதுவும் எனக்குத் தெரியும். 139-க்குப் போன் செய்து புகார் சொல்லலாம், ஆனால் வண்டி நிற்பது இரண்டு நிமிஷம்.

அதனால் உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நீங்கள் சாத்தினால் வெளியே இருப்பவர் வீட்டுக்குத் திரும்பிப் போவதில்லை. அவருக்கும் நாளைக்குத் தீபாவளி. வண்டி நகர்ந்ததும் ஓடிவந்து படியில் தொற்றிக்கொள்வார், ஒரு கை கம்பியில், ஒரு கையில் பலகாரப் பை, மூடிய கதவுக்கு வெளியே. அப்போது நீங்கள் கதவைத் திறக்க நினைத்தாலும் பின்னால் நெருக்குகிற கூட்டத்தில் உடனே உள்பக்கம் இழுக்க முடியாது. அவர் கை வழுக்கினால் அது உங்கள் தாழ்ப்பாள்.

‘நிஜமாவே இடமில்லீங்க’ என்பீர்கள். கதவோரமும் கழிப்பறைப் பக்கமும் இடமில்லை, அது உண்மை. நடுப் பெட்டியில் பாருங்கள், சீட்டுக்கு நடுவில் சூட்கேஸ் நின்றுகொண்டிருக்கும். வாசலில் நிற்பவர்தான் உள்ளே பார்த்து ‘ஒவ்வொருத்தரா உள்ள நகருங்க’ என்று குரல் கொடுக்க வேண்டும், அவர் சொன்னால் நகர்வார்கள். வெளியே நிற்பவர்களும் இறங்குகிறவர் இறங்கும்வரை வாசலை விட்டு ஒதுங்கி நிற்கலாம், முட்டுவதால் யாரும் சீக்கிரம் ஏறியதில்லை. இன்னொன்று, ஓடுகிற வண்டியில் திறந்த கதவோரம் உட்காருகிற தம்பிகளே, கதவின் கீல் பக்கம் விரலை வைக்காதீர்கள், பிரேக் போட்டால் கதவு தானாக ஆடிவந்து மூடும்.

எங்கள் ஆபீஸில் படிக்கட்டுப் பக்கத்துக் கனமான கதவைத் திறப்பது கஷ்டம் என்று யாரோ நாற்காலி முட்டுக் கொடுத்துத் திறந்தே வைத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் வசதிதானே? நான் எடுத்தால் சண்டைக்கு வருகிறார்கள்.
– ஐ.டி. ஊழியர், ஓ.எம்.ஆர்.

எடுத்துவிடுங்கள், சண்டை வந்தால் வரட்டும். அது தீத்தடுப்புக் கதவு, கனமாக இருப்பதும் தானாக மூடுவதும் காரணத்தோடுதான். தீ விபத்தில் ஆளை முதலில் வீழ்த்துவது பெரும்பாலும் புகை. அந்தக் கதவு மூடியிருந்தால் படிக்கட்டில் புகை ஏறாது, மேல் மாடியில் இருப்பவர்கள் இறங்கி வரலாம். நாற்காலி இருந்தால் இறங்கும் வழியே போச்சு. திறந்தே இருக்க வேண்டும் என்றால் காந்தம் வைத்துப் பிடிக்கிற வகை உண்டு, அலாரம் அடித்ததும் காந்தம் விட்டுவிடும், கதவு மூடிக்கொள்ளும். நிர்வாகத்திடம் அதைக் கேளுங்கள்.

என் துணிக்கடைக் கண்ணாடிக் கதவு பின்னால் வருகிறவர் மேல் அடிக்கிறது. ‘கதவை மெதுவாக மூடவும்’ என்று போர்டு வைத்தும் பயனில்லை. ‘தள்ளவும்’ என்று ஒட்டியிருக்கிறேன், இழுக்கிறார்கள்.
– கடைக்காரர், ஈரோடு

அண்ணாச்சி, போர்டு வைப்பதால் கதவு திருந்தாது. கதவுக்கு அடியில் தரையோடு தரையாக ஒரு ஸ்டீல் தகடு இருக்கிறதா? அதுதான் ஃப்ளோர் ஸ்பிரிங். தகட்டைக் கழற்றினால் எண்ணெய் அடைத்த பெட்டி, அதில் வேகத்துக்கான வால்வு ஸ்க்ரூ தெரியும். கால் சுற்று திருப்பி, கதவை விட்டுப் பாருங்கள், இன்னும் வேகம் என்றால் இன்னொரு கால் சுற்று. எண்ணெய் வருகிறதா பார்க்கலாம் என்று முழுக்கக் கழற்றிவிடாதீர்கள், எண்ணெய் வந்தால் அப்புறம் பெட்டியையே மாற்ற வேண்டியதுதான். ஏற்கெனவே தகட்டைச் சுற்றிக் கறுப்பாகப் பிசுபிசுப்பு இருந்தால் எண்ணெய் ஒழுகுகிறது, எந்த ஸ்க்ரூவைத் திருப்பியும் பயனில்லை. கதவு மேலே கை மாதிரி மடங்குகிற குளோசர் என்றால் அதில் அநேகமாக இரண்டு ஸ்க்ரூ இருக்கும், ஒன்று பொதுவான வேகத்துக்கு, இன்னொன்று கடைசி சாண் தூரத்துக்கு. அடிப்பது பெரும்பாலும் அந்தக் கடைசி சாணில்தான்.

தள்ளுகிற பக்கத்தில் நீளமான கைப்பிடி வைத்திருப்பீர்கள், அதனால்தான் இழுக்கிறார்கள். கைப்பிடியைப் பார்த்தால் கை இழுக்கத்தான் போகும், எழுத்தை யார் படிக்கிறார்கள்? அந்தப் பக்கம் கைப்பிடியை எடுத்துவிட்டு ஒரு வெறும் தகடு போடுங்கள், ஸ்டிக்கரே வேண்டாம்.

மகன் டோக்கியோவில் இருக்கிறான், முதல் முறையாகப் போகிறோம். அங்கே கதவு விஷயத்தில் ஏதாவது கவனிக்க வேண்டுமா?
– வாசகி, திருச்சி

டாக்சிக் கதவைத் தொடாதீர்கள். பின்பக்க இடது கதவை டிரைவரே தன் இடத்தில் இருந்து திறப்பார், அவரே மூடுவார், நீங்கள் இழுத்தால் அவர் பதறுவார். கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், இல்லையென்றால் திறக்கிற கதவு முட்டியில் இடிக்கும். இறங்கிய பிறகும் அப்படியே விட்டுவிட்டு நடக்கலாம். ஒரு மாசம் இருந்தால் இது பழகிப்போகும், அதுதான் ஆபத்து. ஊருக்குத் திரும்பி டாக்சியில் வந்து வீட்டு வாசலில் இறங்கி, கதவை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்விடாதீர்கள். நம்ம ஊர் டிரைவர் இறங்கிச் சுற்றிவந்து அதைச் சாத்தும்போது சொல்கிற வார்த்தை இந்தப் பத்திரிகையில் போடக்கூடியது இல்லை.